வளர்ப்புப் பிராணிகளின் நீரிழிவு: வீட்டுக் குளுக்கோஸ் மானியைச் சரிபார்க்கும் முறை

நீரிழிவைப் பற்றி விஞ்ஞானம் இன்று அறிந்துள்ளவற்றுள் ஒரு முக்கியப் பகுதி நாய்களின் வாயிலாகக் கிடைத்ததாகும். 1889-ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஆஸ்கார் மின்கோவ்ஸ்கி, யோசப் ஃபான் மேரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். அந்நாய்க்கு நீரிழிவு உண்டாயிற்று. அதன் சிறுநீரில் சர்க்கரை காணப்பட்டது. 1921-இல் டொராண்டோ பல்கலைக் கழகத்தில் ஃபிரெடரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்டும் கணையத்திலிருந்து எடுத்த சாற்றை, கணையம் நீக்கப்பட்ட நாய்களுக்குச் செலுத்தி, இரத்தச் சர்க்கரை குறைவதைக் கண்டனர். அடுத்த ஆண்டு ஜனவரியில் அம்மருந்து மனிதனுக்கு முதன்முதலாக அளிக்கப்பட்டது. அதுவே இன்சுலின்.

அவ்வாறு நாய்களிடமிருந்து கற்ற சிகிச்சை இன்று நாய்களுக்கும் பூனைகளுக்கும் பயன்படுகிறது. நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் நீரிழிவுள்ள வளர்ப்புப் பிராணிகளுக்கு அவற்றின் உரிமையாளர்களே நாள்தோறும் இன்சுலின் செலுத்தி வருகின்றனர். இரத்தச் சர்க்கரையை அளப்பதற்கு அவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் மனிதர்க்கென்று செய்யப்பட்ட, மருந்துக் கடைகளில் கிடைக்கும் குளுக்கோமீட்டரே ஆகும். அம்மானி காட்டும் எண்ணை எந்த அளவிற்கு நம்பலாம்? அதை எவ்வாறு சரிபார்ப்பது? கால்நடை மருத்துவப் பணியாளரும், அவர்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியரும் இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை அறிந்திருத்தல் வேண்டும்.

பிழையின் விளைவு

நோயற்ற நாயின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, ஏறத்தாழ 70 முதல் 120 மில்லிகிராம் குளுக்கோஸ் உள்ளது. நாயின் இரத்தச் சர்க்கரை 180 முதல் 220 வரையுள்ள எல்லையைத் தாண்டும்போது சிறுநீரில் சர்க்கரை வெளிப்படத் தொடங்குகிறது. பூனைக்கு இவ்வெல்லை இன்னும் உயர்ந்தது. ஏறத்தாழ 250 முதல் 300 வரை எனலாம். இரத்தச் சர்க்கரை 60-க்குக் கீழே இறங்குமாயின் அது அபாய நிலையாகும். பிராணி தள்ளாடும், நடுங்கும், வலிப்பு கண்டு நினைவிழக்கும். உடனே கவனியாவிடின் இறக்கவும் கூடும்.

இன்சுலின் பெறும் நாயில், ஒரு நாளின் மிகத் தாழ்ந்த சர்க்கரை அளவு 80-க்கும் 150-க்கும் இடையில் அமைதல் நன்று. இவ்விடைவெளி குறுகியது. மானி உண்மையைவிட 40 மில்லிகிராம் கூடுதலாகக் காட்டுகிறது என்று கொள்க. உண்மையில் 65 இருக்கும்போது அது 105 எனக் காட்டும். உரிமையாளர் மனநிறைவோடு அடுத்த வேளை மருந்தையும் குறைக்காமல் செலுத்துவார். ஆகவே, கூடுதலாகக் காட்டும் பிழை உயிருக்கு அபாயம் விளைப்பது. குறைத்துக் காட்டும் பிழை அவ்வளவு விரைவில் தீங்கு செய்யாது. எனினும் அதனால் இன்சுலின் தேவையின்றிக் குறைக்கப்பட்டு, பிராணி நாளுக்கு நாள் மெலிந்து, நாய்களில் கண்புரை முதலிய கேடுகள் தொடரும். பூனைகளிற் சில, தக்க சிகிச்சையினால் இன்சுலின் தேவைப்படாத நிலைக்குத் திரும்புவதுண்டு. அந்நிலையை உரிய காலத்தில் கண்டறிவதற்கும் நம்பத்தக்க அளவுகளே துணை செய்கின்றன.

மனித மானி ஏன் மாறுபடுகிறது?

ஸ்டிரிப் எனப்படும் சோதனைப் பட்டையில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் அல்லது குளுக்கோஸ் டீஹைட்ரஜனேஸ் என்னும் என்சைம் தடவப்பட்டுள்ளது. ஒரு துளி இரத்தம் அதன்மேற் பட்டவுடன் குளுக்கோஸ் என்சைமுடன் வினைபுரிகிறது. அவ்வினையில் சிறு மின்னோட்டம் உண்டாகிறது. அதன் அளவை மானி எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. என்சைமையும் மின்முனையையும் இணைத்துக் குளுக்கோஸை அளக்கும் இக்கருத்தை 1962-இல் அமெரிக்காவில் லீலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் வெளியிட்டனர்.

சோதனைச் சாலை அளப்பது பிளாஸ்மாவிலுள்ள சர்க்கரையை. பட்டையின்மேல் விழுவதோ முழு இரத்தம். எனவே முழு இரத்தத்தில் அளந்ததைப் பிளாஸ்மா அளவாக மாற்றும் கணக்கு மானிக்குள்ளேயே அமைக்கப்பட்டுள்ளது. அக்கணக்கு மனித இரத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. மனித இரத்தத்திலுள்ள குளுக்கோஸில் கணிசமான பங்கு, பாதிக்குச் சற்றுக் குறைவாக, சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. நாயிலோ ஏறத்தாழ எட்டில் ஏழு பங்கு பிளாஸ்மாவில்தான் உள்ளது. பூனையில் பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேல் பிளாஸ்மாவிலேயே உள்ளது. சிவப்பணுக்களிலிருந்து கிடைக்கும் என்று மானி எதிர்பார்க்கும் சர்க்கரை இப்பிராணிகளில் கிடைப்பதில்லை. ஆதலால் மனித மானி நாய், பூனைகளில் பொதுவாக உண்மையைவிடக் குறைத்தே காட்டுகிறது. பிராணிகளுக்கென்றே செய்யப்பட்ட மானிகளில் நாய்க்கும் பூனைக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. குறியீட்டை மாற்றி வைத்துவிட்டால் அவையும் தவறாகவே காட்டும்.

இரத்தசோகையும் உண்ணிக் காய்ச்சலும்

இரத்தத்தின் மொத்தக் கனஅளவில் சிவப்பணுக்கள் எத்தனை சதவிகிதம் என்பதை ஹெமட்டோக்ரிட் என்பர். நாயில் இது சாதாரணமாக 37 முதல் 55 வரையிலும், பூனையில் 24 முதல் 45 வரையிலும் இருக்கும். சிவப்பணுக்கள் மிகுந்தால் பிளாஸ்மா பட்டைக்குள் பரவுவது தடைப்பட்டு மானி குறைத்துக் காட்டும்; நீர் வற்றிய பிராணியில் இது நிகழும். சிவப்பணுக்கள் குறைந்தால் மானி கூட்டிக் காட்டும். இரத்தசோகையில் இது நிகழும்.

இந்திய நிலைமையில் இது மிகவும் கருதத்தக்கது. உண்ணிகள் பரப்பும் எர்லிக்கியா, பபீசியா ஆகிய கிருமிகள் நாட்டின் பல பகுதிகளிலும் நாய்களுக்கு இரத்தசோகையை உண்டாக்குகின்றன. நீரிழிவுள்ள நாயொன்று இக்காய்ச்சலால் பீடிக்கப்பட்டால் அது உணவைக் குறைக்கிறது. இன்சுலின் மாறாதிருப்பதால் சர்க்கரை இறங்குகிறது. அதே வேளையில் இரத்தசோகையின் காரணமாக மானி கூட்டிக் காட்டுகிறது. வழக்கமாகக் குறைத்துக் காட்டி வந்த மானி, எவரும் அறியாதவாறு எதிர்ப்புறம் சாய்ந்துவிடுகிறது. உண்ணிக் காய்ச்சல் கண்ட நீரிழிவு நாயில் வீட்டு மானியை மட்டும் நம்பி இன்சுலின் அளவை முடிவு செய்தல் கூடாது.

சோதனைக்கு முன் கவனிக்க வேண்டியவை

மானியின்மேற் சுமத்தப்படும் குற்றங்களிற் பல உண்மையில் கையாளும் முறையின் குற்றங்களாகும். ஆகவே ஒப்பீட்டைத் தொடங்குமுன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்த்துவிடல் வேண்டும்.

1. பட்டையின் காலாவதித் தேதி கடந்துவிட்டதா? புட்டியைத் திறந்த நாள் அதன்மேல் எழுதப்பட்டுள்ளதா? திறந்த பின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதைப் புட்டியின் உறையிலேயே அச்சிட்டிருப்பர்.

2. பட்டைகள் அவற்றிற்குரிய புட்டியில் இறுக மூடி வைக்கப்பட்டுள்ளனவா? காற்றின் ஈரமும் கோடை வெயிலும் என்சைமைக் கெடுக்கும். அடுப்பருகிலோ, வெயிலில் நிற்கும் வாகனத்திலோ, குளிர்பதனப் பெட்டியிலோ பட்டைகளை வைத்தல் தகாது.

3. மானியில் அமைந்துள்ள அலகு யாது? டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்பது இந்தியாவில் வழங்கும் அலகு. வெளிநாட்டிலிருந்து வரும் சில மானிகள் லிட்டருக்கு மில்லிமோல் என்னும் அலகில் காட்டும். அவ்வெண்ணை 18-ஆல் பெருக்கினால் மில்லிகிராம் அளவு கிடைக்கும். 5.5 எனக் காட்டினால் அது 99 ஆகும். அபாயமான தாழ்வு அன்று.

4. இரத்தம் எடுக்கும் இடமும் எடுப்பவரின் விரல்களும் உலர்ந்து சுத்தமாக உள்ளனவா? காதின் ஓரம், பாதத்தின் மெத்தைப் பகுதி ஆகியவை ஏற்ற இடங்கள். நாயில் உதட்டின் உட்புறமும் பயன்படும். ஆல்கஹாலின் ஈரம் துளியைக் கெடுக்கும். வெல்லமோ பழமோ தொட்ட கையின் சர்க்கரை, அளவை வெகுவாக உயர்த்தும்.

5. துளி போதிய அளவினதா? குறைந்த துளியின்மேல் இரண்டாம் துளியைச் சேர்த்தல் கூடாது. புதிய பட்டையை எடுத்தல் வேண்டும்.

முதற் சோதனை: கட்டுப்பாட்டுக் கரைசல்

மானியைத் தயாரிப்போர் குளுக்கோஸ் அளவு தெரிந்த கரைசலொன்றை விற்கின்றனர். அதில் ஒரு துளியைப் பட்டையில் இட்டு, வரும் எண் புட்டியில் அச்சிட்டுள்ள எல்லைக்குள் அமைகிறதா என்று பார்க்கவேண்டும். புதிய பட்டைப் புட்டியைத் திறக்கும்போதும், மானி கீழே விழுந்தபோதும், ஐயத்திற்குரிய எண் வந்தபோதும் இதைச் செய்தல் நன்று. திறந்த கரைசலும் சில மாதங்களே பயன்படும்.

இச்சோதனையின் வரம்பை மாணவர்கள் நன்கு உணர்தல் வேண்டும். கரைசலில் சிவப்பணுக்கள் இல்லை. எனவே மானியும் பட்டையும் பழுதின்றி இயங்குகின்றனவா என்பதை மட்டுமே அது கூறும். நாயின் இரத்தத்தில் அம்மானி சரியாக அளக்குமா என்பதை அது கூறாது.

இரண்டாஞ் சோதனை: ஒரே இரத்தத்தைத் திரும்பத் திரும்ப அளத்தல்

ஒரே வேளையில் எடுத்த ஒரே இரத்தத்தை ஐந்து பட்டைகளில் அடுத்தடுத்து அளக்கவேண்டும். 148, 152, 150, 145, 155 என்ற எண்கள் கிடைத்தன என்று கொள்க. இவற்றின் கூட்டுத்தொகை 750; சராசரி 150. சராசரியிலிருந்து மிகவும் விலகிய எண்ணின் விலக்கம் 5. இது ஏறத்தாழ 3 சதவிகிதமே. இம்மானி சிதறாமல் அளக்கிறது எனலாம். மாறாக 120, 180 என்றவாறு எண்கள் தாவுமாயின் பட்டையோ கையாளும் முறையோ குற்றமுடையது. மேற்கொண்டு ஒப்பிடுவதில் பயனில்லை.

மூன்றாஞ் சோதனை: சோதனைச் சாலையுடன் ஒப்பிடுதல்

இதுவே முடிவான சோதனை. இரண்டு வீட்டு மானிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எது சரி என்று வாதிடுவது வீண். இரண்டும் ஒரே புறம் தவறியிருக்கலாம். சோதனைச் சாலையின் பிளாஸ்மா அளவையே அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும்.

வீட்டில் காலையில் அளந்த எண்ணை, மருத்துவமனையில் நண்பகலில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுவது பலரும் செய்யும் தவறு. அச்சத்தினால் மட்டுமே பூனையின் இரத்தச் சர்க்கரை 300-ஐயும் தாண்டுவதுண்டு. அங்கு மாறியது சர்க்கரையே, மானி அன்று. எனவே கீழ்க்காணும் முறையைப் பின்பற்ற வேண்டும்.

முதலாவதாக, உரிமையாளர் தம் மானியையும் தாம் பயன்படுத்தும் அதே பட்டைகளையும் மருத்துவமனைக்குக் கொண்டுவரச் செய்தல் வேண்டும். இரண்டாவதாக, சிரையிலிருந்து சிரிஞ்சில் இரத்தம் எடுத்தவுடன், எந்த மருந்துப் பொருளும் கலவாத முதல் துளியை மானியின் பட்டையில் இடவேண்டும். அம்மானி சிரை இரத்தத்திற்கு ஏற்றதா என்பதை அதன் குறிப்பேட்டில் முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும். மூன்றாவதாக, எஞ்சிய இரத்தத்தைச் சோதனைச் சாலைக்குரிய குழாயில் இட்டு, அரை மணி நேரத்திற்குள் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்தல் வேண்டும். குழாயில் நிற்கும் இரத்தத்தில் அணுக்கள் குளுக்கோஸைத் தொடர்ந்து உண்கின்றன. சாதாரண உஷ்ணத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவிகிதம் வரை சர்க்கரை குறைந்துவிடும். சோடியம் புளோரைடு இட்ட குழாய் இவ்விழப்பைத் தடுக்கும். எனினும் அது முழுவதும் செயற்பட ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். எனவே விரைந்து பிரித்தலே சிறந்தது. நான்காவதாக, அதே இரத்தத்தில் ஹெமட்டோக்ரிட்டையும் அளந்து குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இரத்தம் நான்கு மணி நேரம் பிரிக்கப்படாமல் கிடந்தால், 200 ஆக இருந்த சர்க்கரை 150 அல்லது 160-க்கு இறங்கிவிடக்கூடும். அப்போது சரியாக அளந்த மானியே கூட்டிக் காட்டுவதாகப் பழி ஏற்கும். தொலைவிலுள்ள சோதனைச் சாலைக்கு இரத்தம் அனுப்பும் களப்பணியாளர் இதனை மறத்தல் ஆகாது.

கணக்கிடும் முறை

மானியின் எண்ணிலிருந்து சோதனைச் சாலையின் எண்ணைக் கழித்து, மீதியைச் சோதனைச் சாலையின் எண்ணால் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் பிழையின் சதவிகிதம் கிடைக்கும். ஒரே ஓர் ஒப்பீட்டைக் கொண்டு தீர்ப்புக் கூறல் இயலாது. தாழ்ந்த அளவு, நடு அளவு, உயர்ந்த அளவு ஆகியவற்றில் குறைந்தது ஐந்து ஒப்பீடுகளாவது, பல நாட்களில் பிராணி சோதனைக்கு வரும்போது, சேகரித்தல் வேண்டும். சர்க்கரையைத் தாழ்த்துவதற்காகப் பிராணிக்கு மருந்து கொடுத்தல் ஒருபோதும் கூடாது.

பயிற்சிக்காக இரு மானிகளைக் கற்பனையாகக் கொள்க. சோதனைச் சாலை அளவுகள் 62, 110, 180, 260, 380.

முதல் மானி 52, 92, 153, 221, 330 எனக் காட்டிற்று. பிழைகள் முறையே 16.1, 16.4, 15.0, 15.0, 13.2 சதவிகிதம், எல்லாம் குறைவு. சராசரி ஏறத்தாழ 15 சதவிகிதக் குறைவு.

இரண்டாம் மானி 80, 86, 225, 200, 370 எனக் காட்டிற்று. பிழைகள் முறையே 29.0 கூடுதல், 21.8 குறைவு, 25.0 கூடுதல், 23.1 குறைவு, 2.6 குறைவு. இவற்றின் சராசரி ஏறத்தாழ 1 சதவிகிதக் கூடுதலே.

சராசரியை மட்டும் நோக்கும் மாணவர் இரண்டாம் மானியே சிறந்தது என்பார். அது பெருந்தவறு. முதல் மானி எப்போதும் ஒரே புறம், ஏறக்குறைய ஒரே அளவு தவறுகிறது. அதன் இயல்பு தெரிந்துவிட்டால் மருத்துவர் அதற்கேற்பப் பொருள் கொள்ளலாம். அதன் ஏற்ற இறக்கம் உண்மையான ஏற்ற இறக்கத்தையே பின்பற்றுகிறது. இரண்டாம் மானியின் பிழைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டமையால் சராசரி அழகாகத் தோன்றுகிறது. ஆனால் இன்சுலின் செலுத்தும் உரிமையாளர் பார்ப்பது சராசரியை அன்று. அவ்வேளையில் தோன்றும் ஓர் எண்ணை. 62 இருக்கும்போது 80 எனக் காட்டும் மானி, பிராணி அபாயத்தின் விளிம்பில் நிற்பதை மறைத்துவிடுகிறது. அதனை விலக்குவதே தக்கது.

மனிதர்க்கான மானிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 15197 என்னும் சர்வதேசத் தரம் உண்டு. அதன் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 100-க்குக் கீழ்ப்பட்ட அளவுகளில் 15 மில்லிகிராமிற்குள்ளும், 100-உம் அதற்கு மேலுமான அளவுகளில் 15 சதவிகிதத்திற்குள்ளும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எண்களாவது அமைதல் வேண்டும். மனித இரத்தத்தில் இத்தரத்தை எய்திய மானி பிராணியின் இரத்தத்திலும் எய்தும் என்று கொள்ளல் இயலாது. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்க இவ்வெல்லை நல்ல வழிகாட்டியாகும்.

சோதனைக்குப் பின்

மானி ஒரே சீராகக் குறைத்துக் காட்டுமாயின், அச்செய்தியைப் பிராணியின் சிகிச்சைக் குறிப்பேட்டில் மானியின் பெயருடனும் தேதியுடனும் எழுதிவைத்தல் வேண்டும். இடையில் வேறு மானிக்கு மாறினால் பழைய எண்களும் புதிய எண்களும் ஒன்றோடொன்று ஒப்பிடத்தக்கன அல்ல. உரிமையாளர் தாமே பெருக்கிக் கூட்டித் திருத்த முற்படுவதை ஊக்குவித்தல் கூடாது. ஹெமட்டோக்ரிட் மாறினால் அத்திருத்தமும் தவறாகும். இரண்டு மூன்று வாரங்களின் பொது நிலையைக் காட்டும் பிரக்டோசமின் என்னும் இரத்தச் சோதனை, மானியின் எண்கள் நம்பத்தக்கனவா என்பதற்கு மற்றொரு சான்றாகும்.

மானி சரியாயிருந்தும் சர்க்கரை கட்டுப்படாவிடின் சிரிஞ்சைப் பார்த்தல் வேண்டும். மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்ட இன்சுலினை, 100 யூனிட் சிரிஞ்சின் கோடுகளைக் கொண்டு அளந்தால் நூற்றுக்கு நாற்பது பங்கே மருந்து சேரும். 100 யூனிட் இன்சுலினை 40 யூனிட் சிரிஞ்சில் அளந்தால் இரண்டரை மடங்கு மருந்து சேரும். அது உயிரைப் போக்கவல்லது.

எல்லாவற்றிற்கும் மேலாக உரிமையாளருக்கு அறிவுறுத்த வேண்டியது ஒன்றுண்டு. பிராணி தள்ளாடி நடுங்கும்போது மானி 120 என்று காட்டினாலும் பிராணியின் நிலையையே நம்பவேண்டும். தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ அதன் ஈறுகளில் தடவி, உடனே மருத்துவரை நாடவேண்டும். நினைவிழந்த பிராணியின் வாயில் எதையும் ஊற்றுதல் கூடாது. பிராணி நலமாயிருந்து, மானி 40 என்று காட்டினாலோ, கையைக் கழுவி உலர்த்திப் புதிய பட்டையில் உடனே மறுபடி அளத்தல் வேண்டும்; மீண்டும் தாழ்வாகவே வரின் உணவளித்து, அடுத்த இன்சுலினைச் செலுத்துமுன் மருத்துவரைக் கேட்டல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. கட்டுப்பாட்டுக் கரைசலில் சரியாக அளந்த மானி நாயின் இரத்தத்தில் குறைத்துக் காட்டுவதற்குக் காரணம் யாது?

2. சோதனைச் சாலை 240 என்றும் மானி 204 என்றும் காட்டின. பிழையின் சதவிகிதம் என்ன? அது எப்புறம் சாய்ந்தது?

3. உண்ணிக் காய்ச்சலால் ஹெமட்டோக்ரிட் 18 ஆகக் குறைந்த நீரிழிவு நாய் ஒன்று உணவு மறுத்துப் படுத்திருக்கிறது. மானி 115 எனக் காட்டுகிறது. இன்சுலின் நேரம் நெருங்கிவிட்டது. களப்பணியாளர் உரிமையாளருக்குக் கூற வேண்டியது யாது? காரணத்துடன் விளக்குக.